ஏரி ஒதுங்கிய குழாய்

ஏரியில் முங்கி அடியில் கிடக்கும் எண்ணெய்க் குழாயைச் சோதிப்பதால் ஊரில் மீன்குஞ்சு என்று பேர் வாங்கியவர், அந்தக் கோடை முழுக்க ஒரு பொட்டு ஈரமில்லாமல்தான் வீடு திரும்பினார். கரையிலிருந்த குடிநீர் நிலையத்தில் மோட்டார் போடும் அவர் மனைவிக்கு அது உறுத்தியது. முங்கின மனுஷனுக்குத் தலைமுடிகூடவா நனையாது? வேறு வீடு ஏதும் பிடித்துவிட்டாரோ என்று சட்டையை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடைதான் வந்தது. அதற்கு அவள் இன்னும் பயந்தாள். அவள் இறைக்கிற தண்ணீரைத்தான் அவள் பெண்ணும் ஊரும் குடித்தார்கள்.

பிறகு வீட்டுத் தண்ணீரும் அவரைக் கண்டு ஒதுங்கியது. குழாயைத் திறந்தால் தாரை வளைந்து அவர் கைக்கு அப்பால் விழுந்தது. பிளம்பர் வந்து வாஷரை மாற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு குழாயில் இல்லை, ஆளிடம்தான் என்று சொல்லிப் போனார்.

"என்னங்க, அடியில அந்தக் குழாய் எப்படி இருக்கு?" என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

"கல்லு மாதிரி இருக்கு."

அவர் டம்ளரிலிருந்த தண்ணீர் எழும்பி அவள் டம்ளருக்குள் போய்விட்டது.

"தண்ணியே உங்கள நம்பல. நான் மட்டும் நம்பணுமா?"

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. குழாயைச் சுற்றி ஏரி ஒரு முழம் விலகி நிற்கிறது, அந்த இடைவெளியில்தான் குனிந்து நடக்கிறேன் என்றார். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும், அரித்தது சொத்தென்னும். சொத்தென்ற இடத்திலெல்லாம் பட்டை சுற்றிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் கம்பெனி மேனேஜர். பட்டை சுற்றிச் சுற்றி இப்போது எங்கே தட்டினாலும் ஒரே சத்தம், எது இரும்பு எது ஓட்டை என்று அவருக்கே தெரியாது. தண்ணிதான் கிட்டவே வரலையே, அப்புறம் என்ன பயம் என்று மேனேஜர் சிரித்தாராம்.

"எவ்வளவுதான் ஒதுங்கும்? அதுக்குப் போறதுக்கு வேற ஏரி ஏது?" என்றாள் அவள்.

மறுநாள் காலை அவள் மோட்டார் போடவில்லை. காலி வாளிகளோடு சண்டைக்கு வந்த ஊரின் முன்னால் புருஷனை நிறுத்தி, "இவர்கிட்ட கேளுங்க" என்றாள். அவர் சொன்னார். ஊர் அப்படியே கம்பெனி வாசலுக்குப் போய் உட்கார்ந்தது. மேனேஜர் பேசிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், கடைசியில் வால்வை மூடினார். இரண்டு கோடை இழுத்தடித்துக் குழாயையும் வெட்டி எடுத்தார்கள். அன்று மத்தியானம் ஏரி அந்தப் பள்ளத்தை மூடிக்கொண்டது.

மீன்குஞ்சின் கைக்கு மட்டும் தண்ணீர் திரும்பவில்லை. மனைவி டம்ளரைப் பிடித்தால் குடிக்கலாம். பெண் கல்யாணமாகிப் போன பிறகும் அவள்தான் பிடித்தாள். வாயருகே கொண்டுபோய், இன்று எங்கே போனீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், தண்ணீரைத்தான் பார்ப்பாள்.