பந்தல் இல்லாத மாநாடு

1996 ஜூலையில், பீடி சுற்றும் பெண்களுக்குச் சேரன்மகாதேவியில் ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று சங்கச் செயலாளர் பாலம்மாள் முடிவு செய்தாள். அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவள் சாலோமி. பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் திட்டமிடுதலையே பாடமாக நடத்துகிறவள். சங்க ஆபீஸ் சுவரில் பெரிய சார்ட்டை ஒட்டி, நாற்பத்தொரு வேலைகளையும் வட்டங்களாக வரைந்தாள். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்புக்குறி போட்டாள். ஒரு நாள் பிந்தினாலும் மாநாட்டையே தள்ளிவிடக்கூடிய வேலைகளைச் சிவப்பு மையால் இணைத்தாள். அனுமதி, பந்தல், மைக் என்று ஓடியது அந்தக் கோடு. எல்லாவற்றையும் வாயாலேயே நடத்திப் பழகிய பாலம்மாள் முதலில் சிரித்தாள். இரண்டு வாரத்தில், காலையில் சார்ட்டைப் பார்க்காமல் அவள் வேறு வேலை தொடுவதில்லை.

பெண்கள் சுற்றிக் கொடுக்கும் நல்ல பீடியையும் கழிவென்று ஒதுக்கிக் கூலியைக் குறைக்கும் கம்பெனி ஏஜெண்டுகளின் பெயர்களைச் சொல்லியே தீர்மானம் போடுவதாக இருந்தது. அது அவர்கள் காதுக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாநாடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வேனில் ஏஜெண்டுகளின் ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள். பந்தல்காரர் மாடக்கண்ணு மேலே கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் நேராகப் போய் அரிவாளால் கயிறுகளை வெட்டினார்கள். பந்தல் கால்கள் சரிய, அவரும் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. காய்ந்த கீற்றில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள்.

பாலம்மாள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து, அரிவாளின் பின்புறத்தால் அடித்தான். அவள் கையைத் தூக்கவும் அரிவாளைத் திருப்பி வெட்டினான்.

பந்தல் வேலையைச் சரிபார்க்க வந்திருந்த சாலோமியின் காலடியில், குழி தோண்டும் கடப்பாரை கிடந்தது. எடுத்தாள். பின்னாலிருந்து அவன் தோளில் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விழுந்த பிறகும் ஓங்கி அடித்தாள். மூன்றாவது தடவை ஓங்கும்போது பாலம்மாள் ரத்தக் கையோடு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதும் டீச்சர். செத்துருவான். விடுங்க."

ஆஸ்பத்திரியில் பாலம்மாளின் கையில் பதினெட்டுத் தையல் போட்டார்கள். மறுபடி பந்தல் போட ஐந்து நாள் ஆகும், தேதியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாள் சாலோமி.

"மூணு மணி நேரம் வெயில்ல இருந்தா செத்தா போயிருவோம்? சார்ட்ல பந்தல அடிச்சிட்டு மத்தத எழுதுங்க" என்றாள் பாலம்மாள்.

சாலோமி புதுத்தாளை எடுத்தாள். பந்தலையும் அதை நம்பியிருந்த வேலைகளையும் நீக்கினாள். வாசலில் கம்போடு நாற்பது பெண்கள், ஒரு டாக்டர், அடிபட்டவர்களைக் கொண்டுபோக இரண்டு கார் என்று புதிதாகச் சேர்த்தாள். அடிபடப்போகிறவர்களையும் மற்ற வேலைகளைப் போலவே வட்டம் போட்டு எழுதினாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறன்று எண்ணூறு பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கரிந்த தரையில் உட்கார்ந்தார்கள். பத்தரை மணிக்கு வேன் மறுபடி வந்தது. முதல் கல் வேனிலிருந்து வந்து, வாசலில் நின்ற ஆவுடைத்தாயின் நெற்றியைப் பிளந்தது. நாற்பது பேரும் கம்போடு பாய்ந்தார்கள். கண்ணாடி நொறுங்கி டிரைவரின் முகம் கிழிந்தது. இறங்கியவர்கள் அடி வாங்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். பெண்கள் வேனைக் குப்புறத் தள்ளினார்கள். அதற்கப்புறந்தான் போலீஸ் வந்தது. கட்டுப்போட்ட கையோடு பாலம்மாள் ஏஜெண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். தீர்மானம் நிறைவேறியது.

மாடக்கண்ணுவின் காலை எடுக்க வேண்டியதாயிற்று. சாலோமி அடித்தவனுக்கு வலது கை பிறகு தூக்கவே வரவில்லை. அடித்தது யாரென்று தெரியாது என்று சொல்லிவிடும்படி சங்கத்தார் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரிடம் அவள் அப்படிச் சொல்லவில்லை.

"முதல் அடி பாலம்மாக்காவக் காப்பாத்த. ரெண்டாவது அடி அதுக்கில்ல, சார்."

போலீஸ் அவள்மேல் வழக்குப் போட்டது. பாலிடெக்னிக் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

அக்டோபரில் ஏஜெண்டுகள் இறங்கி வந்தார்கள். பீடியை நல்லது, கழிவு என்று பிரிக்கும்போது சங்கத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதைச் சொல்லப் பாலம்மாள் கோர்ட்டுக்கே ஓடிவந்தாள். சாலோமி கேட்டுத் தலையசைத்தாள். எதிர் பெஞ்சில் அவளிடம் அடிபட்ட அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி டீயை ஆற்றி அவன் இடது கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாலோமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.