கௌதாரிக்குப் பதில் குரல்

கண்டக்டர் வளர்த்த கௌதாரி ஜோடி மூன்றாவது தடவையும் கூமுட்டைதான் இட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றில்கூடக் கரு இல்லை.

கவனிப்பில் அவர் குறை வைத்தவரல்ல. கறையான் தேடிப் பிடித்துப் போட்டார், புரண்டு குளிக்கப் பொடிமண் கொட்டினார். விடிந்ததும் ஜோடியில் சேவல் கௌதாரி குரல் கொடுத்தால், கூண்டோரம் குந்தி அதே மாதிரி பதில் குரலும் கொடுத்தார். பஸ்ஸில் இருபது வருடம் கத்திப் பழகிய தொண்டை; அசல் கௌதாரியே தோற்றுப்போகும். ஒண்டியாகக் கத்துகிற பறவைக்கு உற்சாகம் வேண்டாமா என்பது அவர் கட்சி.

மச்சினன் வாரம் தவறாமல் வந்து கூண்டை எட்டிப் பார்ப்பான். அது நல்ல பார்வை இல்லை.

"பொரிக்காததைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க அத்தான்? வறுத்தா ரெண்டு வாய்க்கு ஆகும்."

பின்னறையைக் கூண்டு பிடித்துக்கொண்டதால் மனைவியின் தையல் மெஷின் அடுப்படியில் கிடந்தது. அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"இன்னும் ஒரு ஈடு முட்டை பாப்பேன். அதுவும் கூமுட்டைன்னா என் தம்பி எடுத்துட்டுப் போகட்டும்."

அந்தக் கவலையில் கண்டக்டர் இன்னும் பலமாகக் கத்தினார். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பஸ்ஸுக்கு விசில் போதும், கௌதாரிக்கு?

மறுநாள் காலை சேவல் கூப்பிட்டது. பதில் இல்லை. கண்டக்டர் கண்கலங்க உட்கார்ந்திருந்தார். அது கம்பியோரம் ஓடியது, மார்பை நிமிர்த்தியது, மறுபடி கூப்பிட்டது. அப்போதும் பதில் இல்லை. எதிரி ஓடிவிட்டான் என்ற மிதப்பில் மெல்லத் திரும்பியது. மூலையில் பெண்டாட்டி ஒருத்தி நிற்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது போலும்.

வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா உங்களைப் போட்டிக்கு வந்தவன்னு நெனச்சுல்ல கம்பியில முட்டிக்கிட்டு கெடந்திருக்கு. சண்டைக்கு ஆள் இருந்தா அது எப்பங்க குடும்பம் நடத்தும்?"

அந்த ஈட்டில் ஏழு முட்டை, ஆறு குஞ்சு. மெஷின் அடுப்படியிலேயே இருக்கட்டும் என்று மனைவி தானாகவே சொன்னாள். மச்சினன் முகம் சுருங்கியது. கண்டக்டருக்குச் சந்தோஷம் நெஞ்சை முட்டியது. தொண்டையும் தேறியிருந்தது. ஒரே ஒரு குரல் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுச் சேவல் கம்பியோரம் வந்து கழுத்தை நீட்டி நின்றது.

கண்டக்டர் திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டார்.