காயத்தில் நாற்பது விழுக்காடு

நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு வாசிக்கப்பட்ட செவ்வாய்க்கிழமையன்று, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, காஜா எடுக்கும் பெண்ணின் வலது புறங்கையில் இருந்த சூட்டுக்காயத்தில் நாற்பது விழுக்காடு, தேநீர்க் கடை முதலாளியின் வலது புறங்கைக்கு இடம்பெயர்ந்தது. எஞ்சிய அறுபது விழுக்காடு அப்பெண்ணிடமே தங்கிற்று. தீர்ப்பும் அவ்வாறே கூறியிருந்தது. முதலாளி அவ்வேளையில் தம் வழக்கறிஞருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்த கையை அவர் உதறி இழுத்ததை வழக்கறிஞர் நன்றியின் மிகுதி எனக் கருதினார். பிற்பகலில் மருத்துவர் கட்டத்தாளை வைத்து இரண்டு கைகளையும் அளந்தார். முன்பு ஒரே கையில் முப்பது சதுர சென்டிமீட்டர் பரப்பளவில் இருந்த காயம், இப்போது ஒன்றில் பதினெட்டும் மற்றொன்றில் பன்னிரண்டுமாக இருந்தது. கூட்டிப் பார்த்தார், கணக்குச் சரியாக வந்தது. சான்றிதழ் எழுதி முத்திரையிட்டுவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார்.

காயம் உண்டான விதம் பின்வருமாறு. நீதிமன்றத்தின் எதிர்ச்சாரியில் அமைந்த அக்கடையில், முற்பகல் இடைவேளையான பதினைந்து நிமிடங்களுக்குள் நூற்றிருபது பேர் தேநீர் அருந்தியாக வேண்டும். ஆகவே டீ மாஸ்டர் அரை மணி நேரம் முன்னதாகவே நூற்றிருபது காகிதக் கோப்பைகளையும் நிரப்பி, மூடிகளைக் கட்டைவிரலால் அழுத்தி, தட்டுகளில் வரிசையாக வைப்பது வழக்கம். முதலில் ஊற்றிய கோப்பையும் இடைவேளை வரை சூடாக இருக்க வேண்டுமாயின், அது கொதிநிலையிலேயே ஊற்றப்பட வேண்டும் என்பது வெளிப்படை. கடையின் முகப்பில் 'சூட்டுக்கு நாங்கள் பொறுப்பு' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது. இரண்டு தெருக்கள் தள்ளி, வழக்கறிஞர்களுக்குக் கறுப்புக் கோட்டுகள் தைக்கும் ஒரு தையற்கடை இருந்தது. அங்கேதான் அப்பெண் காஜா எடுத்தார். காஜா என்பது, பொத்தான் நுழைவதற்காகத் துணியில் வெட்டப்பட்டு, ஓரம் பிரியாதவாறு நூலால் நெருக்கமாகக் கட்டப்படும் துளையாகும். அதற்கு நல்ல கண்களும், வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தேவை. ஒருநாள் அவர் தமக்கும் டெய்லருக்குமாக இரண்டு கோப்பைகளைத் தூக்கிய கணத்தில், ஒன்றின் மூடி முழுதாகக் கழன்றது. கோப்பையில் இருந்தது அனைத்தும் கையில் இறங்கியது. மற்றக் கோப்பையை அவர் கீழே போடவில்லை, அது டெய்லருடையது.

கட்டுப் போட்ட கையுடன் அவர் மறுநாள் கடைக்குச் சென்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு வேற எதுவும் வேணாம்ணே. 'எங்க தப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போய்ட்டே இருக்கேன்."

முதலாளியின் வாய் திறந்தது. அருகில் நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்த வழக்கறிஞர், கோப்பையிலிருந்து உதட்டை எடுக்காமலே தலையை இருபுறமும் அசைத்தார். திறந்த வாயை முதலாளி வேறு காரியத்திற்குப் பயன்படுத்தினார்.

"டீன்னா சூடாத்தாம்மா இருக்கும். சில்லுன்னு வேணும்னா ஐஸ் வண்டி அந்தப் பக்கம் நிக்குது."

பெண் வழக்குத் தொடுத்தார். அன்று முதல், வழக்கறிஞரின் அறிவுரைப்படி, முதலாளி வருத்தம் தெரிவிப்பதை வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் நிறுத்திக்கொண்டார். வீட்டில் மனைவியின் காலை மிதித்தபோது, "உன் கால் அங்க இருந்திருக்கு" என்று மட்டும் கூறினார். பெயர்ப்பலகை எழுதுபவரை வரவழைத்து, பலகையில் இருந்த 'நாங்கள்' என்ற சொல்லை அழிக்கச் செய்தார். அதன்பின் பலகை, 'சூட்டுக்கு' என்றும், சற்று இடைவெளி விட்டு, 'பொறுப்பு' என்றும் நின்றது. அவ்வழியே சென்றவர்கள் அந்த இடைவெளியில் தமக்கு வேண்டாதவர்களின் பெயரை மனத்தால் எழுதிப் பார்த்து மகிழ்ந்தனர்.

தேநீர் சூடாக இருக்கும் என்பது சாதாரண அறிவுடைய எவருக்கும் தெரிந்ததே என்பதால் பெண்ணுக்கு அறுபது, தெரிந்ததை மேலும் தெரியப்படுத்தத் தவறியதால் முதலாளிக்கு நாற்பது என்பதே முதல் தீர்ப்பு. அறுபதும் நாற்பதும் எவ்வாறு கிடைத்தன என்று தீர்ப்பில் விளக்கப்படவில்லை. ஆனால் காயம் அவற்றைச் சற்றும் ஐயுறாமல் ஏற்றுக்கொண்டது. முதலாளி அன்றே மேல்முறையீடு செய்தார். இடைக்காலத் தடை வழங்கப்பட்டதும், காயம் இருவர் கையையும் விட்டு நீங்கி வழக்குத் தாள்கட்டுக்குள் போய்த் தங்கியது. கட்டு கொதித்தது. பதிவறை எழுத்தர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அடுப்படி இடுக்கி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். குளிர்காலத்தில் அவர் அக்கட்டைத் தம் மேசைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார் என்பதும், அம்மாதங்களில் வழக்கு விரைவாக நகரவில்லை என்பதும் உண்மை.

இவ்வாறு தையற்கடையின் வேலை நீதிமன்ற நாட்காட்டிக்கு உட்பட்டது. தடை நிலவிய நாட்களில் அப்பெண்ணின் கை பிறந்த குழந்தையின் கை போல் இருக்கும்; தடை நீங்கினால் விரல்கள் மடங்கா. எனவே கோட்டுத் துணியை வெட்டுவதற்கு முன்பே டெய்லர் விசாரித்துக்கொள்வார்.

"தடை எதுவரைக்கும் தங்கச்சி?"

"பதினாலாம் தேதிண்ணே."

"அப்ப பதிமூணுக்குள்ள இந்த அறுபது காஜாவையும் முடிச்சிரு. வக்கீல் வாய்தா வாங்குவாரா?"

"அவரு கோட்டே நம்மகிட்டதான் இருக்கு. அது இல்லாம எப்படிப் போய் வாங்குவாரு?"

இரண்டாம் தீர்ப்புக்கு முன்னர் முதலாளியின் வீட்டில் சிறிது கலக்கம் ஏற்பட்டது. டீ மாஸ்டர் முதலாளியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. பொறுப்பில் ஒரு சிறு பகுதியை உறவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது.

"மாப்ளே, ஊத்தினது நீதானே. உன் பேர்ல ஒரு பத்து பர்சென்ட் போட்டுக்கறேன். சின்னதுதான், முழுக்கைச் சட்டை போட்டா வெளியில தெரியாது."

"எந்தக் கை மாமா?"

"வலது கைதான்."

"அந்தக் கையாலதான் உங்க கடையே ஓடுது. கையா, பர்சென்ட்டா, யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளிருந்து முதலாளியின் மனைவி குரல் கொடுத்தார். "என் தம்பி மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தறதுக்கு உங்களுக்கு கோர்ட்டு எதுக்கு? அடுப்புல இருக்கு, எடுத்து ஊத்துங்க."

மாஸ்டரின் பெயர் மனுவிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, மூடி தயாரிக்கும் நிறுவனத்தின் மேலாளர் சேர்க்கப்பட்டார். தொலைவிலுள்ள ஒரு நகரில், விற்பனை உயர்வைக் காட்டும் வரைபடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு இருபத்தைந்து விழுக்காடு வந்து சேர்ந்தது. அவர் கோப்பை தயாரித்தவரைக் காட்டினார். கோப்பைக்காரர் பெயர்ப்பலகை எழுதியவரைக் காட்டினார். பலகைக்காரர், தாம் எழுதியது பிறர் சொன்னது, தாமாக எழுதிய எழுத்து அதில் ஒன்றுமில்லை என்றார். காயம் எவரிடம் சென்றாலும், அன்றுதான் வெந்ததைப் போலப் புதிதாகவே இருந்தது. இதற்கு மருத்துவர் தந்த விளக்கம் எளியது: இத்தகைய காயம் ஆறுவதற்கு மூன்று வாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவோ இரண்டு வாரம். இவ்வாறு ஆறு ஆண்டுகள் கழிந்தன. மாறியவை விழுக்காடுகள் மட்டுமே.

ஆறாம் ஆண்டில் டெய்லரின் பொறுமை ஓரம் பிரிந்தது. காஜா எடுக்கும் இயந்திரம் ஒன்றின் படத்தை அவர் சுவரில் ஒட்டினார். கோபமாக அன்றி, வெட்கப்பட்டவராகவே அவர் பேசினார்.

"இந்த மாசக் கடைசியோட கேஸ் முடியலேன்னா மெஷின் வாங்கிடுவேன் தங்கச்சி. தப்பா நினைக்காதே. மெஷினுக்கு வாய்தா கிடையாது."

"மெஷின் காஜா ரெண்டு தடவை துவைச்சா வாயப் பொளந்துரும்ணே."

"தெரியும். போட்டுக்கறவனுக்குத் தெரியணுமே."

இறுதி விசாரணையில் கடையின் கருத்துப் புத்தகம் சான்றாக முன்வைக்கப்பட்டது. அது வாடிக்கையாளர் தம் எண்ணங்களை எழுதுவதற்காகக் கடைவாசலில் கயிற்றில் தொங்கிய நோட்டு. அதில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் எழுதியிருந்தனர். ஏறத்தாழ அனைவரும் எழுதியிருந்தது, 'இன்னும் சூடு வேண்டும்' என்பதே. நீதிபதியின் கையொப்பம் பதினோரு இடங்களில் காணப்பட்டது. காஜா எடுக்கும் பெண்ணும் விபத்துக்கு ஒரு மாதம் முன்னர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மூடி சரியாக உட்காரவில்லை, யாராவது கையைச் சுட்டுக்கொள்வார்கள்.' கருத்து எதுவாயினும், கருத்துக் கூறிய எவரும் கடையின் நடைமுறையில் பங்கேற்றவரே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எழுதியவர்களுடன் முதலாளி, மனுவிலிருந்து நீக்கப்பட்டிருந்த மாஸ்டர், மூடி மேலாளர் ஆகிய மூவரையும் சேர்த்து ஆயிரத்து இருநூறு பேருக்கும் பொறுப்புச் சமமாகப் பங்கிடப்பட்டது. இதற்கு மேல் முறையீடு இல்லை.

தீர்ப்பு முடிந்த நொடியில் ஆயிரத்து இருநூறு வலக்கைகளில் ஆளுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் அளவில், கடுகு போன்ற ஒரு கொப்புளம் தோன்றியது. நீதிபதி தம்முடையதை ஒருமுறை ஊதிவிட்டு எழுந்து சென்றார். மருத்துவர் மூன்று நாட்கள் வேறு வேலை பார்க்கவில்லை. ஊரார் பெரிதும் நிம்மதி அடைந்தனர்; எல்லோரும் பொறுப்பு என்று ஆனபின், பொறுப்பு என்பது வியர்வைக்குருவைக் காட்டிலும் தொல்லை தருவதாக இல்லை. முதலாளி அந்த மகிழ்ச்சியில் கடைவாசலுக்கு வெள்ளையடித்தார். ஆயினும் காஜா எடுக்கும் பெண்ணுக்கு உரிய கடுகு, வலது சுட்டுவிரலின் நுனியில், ஊசியைத் தள்ளும் அதே புள்ளியில் வந்து அமர்ந்திருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் கை அநேகமாக முழுதும் குணமடைந்த கை. அக்கையால் ஒரு தையல்கூடப் போட இயலவில்லை. மாதம் முடிய ஒன்பது நாட்கள் இருந்தன.

மாஸ்டரின் கடுகு அவருடைய வலது கட்டைவிரலில், மூடியை அழுத்தும் இடத்தில் இருந்தது. நாளொன்றுக்கு முற்பகல் இடைவேளைக்கு மட்டும் நூற்றிருபது மூடிகள். நான்கு நாட்கள் அவர் அழுத்தினார். ஐந்தாம் நாள், அழுத்துவதை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தெருக்கள் நடந்து தையற்கடைக்கு வந்தார். இயந்திரத்தின் விலையைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்த டெய்லர் குரலைத் தாழ்த்தினார். பெண் ஒரு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நடுவிரலால் ஊசியைத் தள்ளப் பழகிக்கொண்டிருந்தார். மாஸ்டர் உட்காரவில்லை.

"அந்த மாசம் வந்த மூடில ஒரு பெட்டி அளவு பெருசு. உட்காராது, நழுவும். மாமாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நல்ல மூடிய கோர்ட்டுக்காரங்க தட்டுக்கு எடுத்து வச்சிட்டு, தெருவுல வந்து வாங்கறவங்களுக்கு அந்தப் பெட்டியத் தீர்த்தேன். நீ நோட்டுல எழுதினதையும் படிச்சேன். என் தப்புதாம்மா."

பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு வருஷமா எங்கண்ணே போயிருந்தீங்க?"

"கோர்ட்டுக்கு எதிர்த்தாப்லதான். டீ ஊத்திட்டிருந்தேன்."

காயம் இதுவரை கையொப்பமும் முத்திரையும் உள்ள தாளைக் கண்டே நகர்ந்தது; வாய்ச்சொல்லுக்கு நகர்ந்ததில்லை. அத்தகைய வாய்ச்சொல் இதற்கு முன் எவராலும் சொல்லப்படவில்லை என்பதே அதன் காரணம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது கைகளிலிருந்து கடுகுகள் மறைந்தன. முப்பது சதுர சென்டிமீட்டரும் ஒருசேர மாஸ்டரின் வலது புறங்கையில் வந்து இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பிடித்தார். டெய்லர் தண்ணீர் எடுக்க ஓடினார். பெண் இழுப்பறையிலிருந்து களிம்பை எடுத்து, ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர்க்கே உரிய முறையில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பூசினார்.

"கட்டு இறுக்கமாப் போடாதீங்க. தூங்கும்போது கைய ஒசத்தி வச்சுக்குங்க. மூணாவது நாள்தான் ரொம்பப் படுத்தும், பயந்துராதீங்க."

"சரிம்மா."

தங்கள் பங்கு முன்னறிவிப்பின்றி அகற்றப்பட்டதாக எழுபத்து மூன்று பேர் மனுச் செய்தனர். அம்மனுக்கள் பெற்றுக்கொள்ளப்பட்டு, இடுக்கி தேவைப்படாத ஒரு தாள்கட்டில் வைக்கப்பட்டன. கேசு முடிந்தபின் ஒருவன் தானாகப் போய் ஒத்துக்கொள்வதா என்று முதலாளி இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை, அவர் மனைவி தட்டைத் தம்பியின் முன்னால் மட்டும் வைத்ததைக் கண்டு, தாமாகவே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தையற்கடையில் இயந்திரத்தின் படம் மீது அளவு நாடா மாட்டப்பட்டது. பெண் அவ்வாரத்தில் நாற்பது காஜா எடுத்தார். காயத்தின் மேல் எவரும் முறையீடு செய்யாததால் அது இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் கறுத்தது, பிறகு உலர்ந்தது, இருபத்தோராம் நாள் தோல் உரிந்து உதிர்ந்தது. மருத்துவர் கட்டத்தாளுடன் வந்தார். அளப்பதற்கு ஒன்றுமில்லாததால் ஒரு தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். அந்த மூன்று வாரமும் மாஸ்டர் இடக்கையால்தான் ஊற்றினார். இடைவேளைத் தேநீர் ஏழு நிமிடம் தாமதமாயிற்று. அதனால் விசாரணைகளும் ஏழு நிமிடம் தாமதமாகத் தொடங்கின. எவரும் காரணம் கேட்கவில்லை.