கோட்டில் பட்ட கால்

வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாக ஏறி இறங்கி மின்மீட்டர் பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது காலுக்கு ஓய்வு வேண்டும். மீட்டரக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு வருடமாக அந்தப் பகுதியின் ஃபிரிஸ்பி என்கிற பறக்கும் தட்டு ஆட்டம் அவள் தலையில்தான் விடிந்தது. மைதானத்துக்கு அனுமதி வாங்குவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, வருகிறேன் என்றவர்கள் வராமல் போனால் போன் போட்டுக் கெஞ்சுவது, எல்லாம் அவள்தான். "பாத்துக்கலாம்க்கா" என்றவர்கள் நிறையப் பேர், பார்த்துக்கொண்டவர் ஒருவருமில்லை.

இந்தப் போட்டியோடு கைகழுவிவிடப் போவதாகக் கணவனிடம் சொன்னாள். போன வருடமும் இதையேதான் சொன்னாய் என்றான் அவன்.

இறுதி ஆட்டம் பக்கத்துத் தெருத் தையல்காரரின் அணியோடு. மீட்டரக்காவின் அணியில் அவள் நாத்தனாரும் இருந்தாள். வங்கியில் வேலை, மாற்றலாகி அடுத்த வாரம் வேறு ஊர் போகிறாள். போவதற்குள் ஒரு கோப்பையாவது தொட்டுவிட வேண்டும் என்று மூன்று மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓடியவள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி, அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்குத்தான் கோப்பை. ஓடி ஓடிக் களைத்த மீட்டரக்கா எல்லைக்கோட்டருகே மூச்சு வாங்க நின்றபோது, தலைக்கு மேலே தட்டு பறந்து வந்தது. நாத்தனார் எம்பி ஒற்றைக் கையால் பிடித்து விழுந்தாள். அணியே குதித்தது.

தையல்காரர் தயங்கியபடி வந்தார்.

"கால் கோட்டுல பட்ட மாதிரி இருந்துச்சும்மா. நிச்சயமாச் சொல்லத் தெரியல."

கோட்டைத் தொட்டாலே வெளியே என்பது விதி. நடுவர் கிடையாது, ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோடோ எல்லோருடைய கால்பட்டும் கலைந்து கிடந்தது. தட்டையே பார்த்திருந்த நாத்தனாருக்குத் தன் கால் போன இடம் தெரியவில்லை.

"அண்ணி, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. சொல்லுங்க."

மீட்டரக்கா பார்த்திருந்தாள். கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும், தையல்காரர் விட்டுக்கொடுத்துவிடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

"கோட்டுல பட்டுச்சும்மா," என்றாள்.

தட்டு அந்தப் பக்கம் போனது. ஐந்தே வீச்சில் அவர்கள் புள்ளி எடுக்க, ஆட்டம் முடிந்தது. வழக்கப்படி இரண்டு அணியும் தோளில் கைபோட்டு வட்டமாக நின்றபோது, அவள் தோளில் நாத்தனாரின் கை கனமே இல்லாமல் கிடந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் கேட்டாள். "கவனிக்கலன்னு சொல்லிருக்கலாமே அண்ணி."

"சொல்லிருக்கலாம். வாய் வரல."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊருக்குப் போகிறவரை தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாத மைதான அனுமதிக்கு யாராவது போங்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, மீட்டரக்காவே போய் எழுதிக் கொடுத்து வந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. புது ஊரில், வங்கிக்குப் பின்னாலுள்ள திடலில் நாலு பேரைச் சேர்த்து ஆட ஆரம்பித்திருக்கிறாளாம். புள்ளிக்குப் புள்ளி சண்டையாம்.

"கோவம் இன்னும் போகல அண்ணி. ஆனா இவங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மீட்டரக்கா வலிக்கிற காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல யார் யாரோட சண்டை போடுறாங்கன்னு சொல்லு," என்றாள்.