பெட்டைகளை விட்டுடுங்க

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை சுண்டெலிகளை நீந்தவிடுவது. பெரிய வட்டத் தொட்டி, பால்போல் கலங்கிய தண்ணீர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. மறதி நோய் வரும்படி வளர்த்த சுண்டெலி, மேடை இருக்குமிடத்தை ஞாபகம் வைத்து நேரே போய் ஏறினால் மருந்து பலிக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தால் பலிக்கவில்லை.

புது மருந்து உள்ளே போனதும் ஆண் சுண்டெலிகள் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி நேரே போய் மேடையில் ஏறின. பெட்டைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. போதாக்குறைக்குத் தீனியைத் தொடாமல் இளைத்து எலும்பும் தோலுமாகிவிட்டன.

"பெட்டைகளை விட்டுடும்மா," என்றார் பேராசிரியர். "நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை அதுங்களுக்கு உடம்பு மாறும். கணக்கெல்லாம் குழம்பிடும்."

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். காலங்காலமாக அப்படித்தானே செய்துவந்தார்கள். மீதிச் சோதனையை ஆண்களோடு முடித்தாள். கட்டுரையில் 'ஆண்' என்ற சொல் சோதனை முறையைச் சொல்லும் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. தலைப்பில் வெறும் சுண்டெலிகள். இத்தனைக்கும் இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதென்று அந்தக் கூடத்தில் தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும். வெட்கக்கேடு.

பிறகு அவளுடைய அம்மாவுக்கே மறதி வந்தது. அம்மா இருந்தது அண்ணன் வீட்டில். அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்ததும், தங்கையின் பெயர் போட்ட கட்டுரையைக் காட்டி அண்ணன் அம்மாவை அந்தச் சோதனையில் சேர்த்துவிட்டான். அம்மா தேறியபிறகு சொன்னால் தங்கை பூரித்துப்போவாள் என்று அதுவரை அவளிடம் மூச்சுவிடவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறாள் என்று அவன் போனில் சொல்லும்போதுதான் மாத்திரை விஷயமும் வெளியே வந்தது.

அவள் ஓட்டமாகப் பேராசிரியரிடம் போனாள். பெட்டைகளின் முடிவையும் வெளியிட வேண்டும், மருந்து கொடுக்கும் டாக்டர்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று கெஞ்சினாள். சுண்டெலி வேறு, மனுஷி வேறு என்று அவர் பொறுமையாகப் பாடம் நடத்தினார்.

"அப்போ ஆண் சுண்டெலி மட்டும் எப்படி சார் மனுஷனாச்சு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ எழுதினதை நம்பித்தான் சேர்த்தேன். இப்போ நீ சொல்றதை நம்பச் சொல்றே. எதைத்தான் நம்புறது?" என்றவன், அம்மாவிடமிருந்து மாத்திரையைப் பிடுங்க யாராலும் ஆகாது, வேண்டுமானால் அவளே வந்து சொல்லட்டும் என்றான்.

போனாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையில் மாத்திரையும் மறுகையில் தம்ளருமாகத் தயாராக இருந்தாள். மணிக்கட்டில் நிற்காமல் வளையல்கள் முழங்கை வரை சரிந்து கிடந்தன. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இது வேண்டாம்மா, உடம்புக்கு ஆகாது என்றாள்.

அம்மா வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மாத்திரை இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இது என் பொண்ணு கண்டுபிடிச்சதும்மா. அவ வந்து வேண்டாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன்."

"நான்தாம்மா உன் பொண்ணு. நான்தான் சொல்றேன். அது பொம்பளைங்களுக்குக் கேட்காது. தெரிஞ்சேதான் எழுதாம விட்டுட்டேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"என் பொண்ணு அப்படிச் செய்யறவ இல்லை," என்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.