ஒரு கைப்பிடி பழசு

செக்கருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. இருபத்தேழு வருடமாக ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். தூங்குவதுபோல நடிப்பவனின் இமை எப்படித் துடிக்கும், டிக்கெட் தொலைந்துவிட்டதாகச் சொல்பவன் எந்தப் பையில் முதலில் கையை விடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும் செக்கர்தான். இப்படிப்பட்ட மனுஷனிடம் நாயின் சாப்பாட்டை மாற்றச் சொன்னால், எடுத்த எடுப்பில் சொன்ன டாக்டரைத்தான் சந்தேகப்படுவார். பட்டார்.

நாயின் பெயர் மேனேஜர். மற்றவர்கள் வேலை செய்வதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு பெருமூச்சு விடும். அதனால் வந்த பெயர். மகள் படிக்கிற காலத்தில் துணிப்பைக்குள் வைத்துத் தூக்கிவந்த குட்டி. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். குட்டி இங்கேயே தங்கி, பதினோரு வயதுக் கிழவனாகிவிட்டது.

"கிட்னி பாதிதான் வேலை செய்யுது" என்று சொன்னாள் டாக்டரம்மா. சின்ன வயது, கறாரான பேச்சு. "சாப்பாட்டை மாத்தியே ஆகணும். ஒரேயடியா மாத்தாதீங்க, வயிறு கெட்டுரும். முதல்ல முக்கால் பங்கு பழசு, கால் பங்கு புதுசு. அப்புறம் பாதிக்குப் பாதி. பத்தாவது நாளோட பழசை அடியோட நிறுத்திடணும். ஒரு துணுக்கு கூட கொடுக்கக் கூடாது. மூணு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்து, உப்பு குறைஞ்சிருக்கான்னு பாக்கலாம்."

"அப்பவும் குறையலன்னா?" என்று செக்கரின் மனைவி கேட்டாள்.

"தினமும் ட்ரிப்ஸ் ஏத்தணும்மா. இந்த வயசுல அதை எத்தனை நாள் தாங்குவான்னு என்னால சொல்ல முடியாது."

மனைவிக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. செக்கரின் கண்ணோ டாக்டரம்மாவின் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் நின்றது. அதே புதுச் சாப்பாடு அங்கே மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. சீட்டு எழுதுவதும் அவளே, சரக்கு விற்பதும் அவளே. செக்கர் மூக்கைச் சொறிந்துகொண்டார். சந்தேகம் வந்தால் அவருக்கு மூக்கு அரிக்கும்.

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்தார். தையல் பிரிந்திருக்கிறதா, தேதியை அழித்து அச்சடித்திருக்கிறார்களா என்று பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. பழைய சாப்பாடு வளையம் வளையமாக, செங்கல் நிறத்தில், இறைச்சி வாசனையோடு இருக்கும். புதுசு சாம்பல் நிற முக்கோணம். முகர்ந்தால் அட்டைப்பெட்டி வாசனை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தும் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"செக் பண்றேன்."

"அது நாய்க்கு."

"நாய் புகார் எழுதிக் கொடுக்காது. நாமதான் பாக்கணும்."

முதல் பத்து நாள் கலவை ஒழுங்காகத்தான் நடந்தது. மேனேஜர் வளையங்களை மட்டும் நாக்கால் பொறுக்கித் தின்றுவிட்டு முக்கோணங்களைக் கிண்ணத்தின் ஓரமாக ஒதுக்கியது. பிறகு பசி பொறுக்காமல் அவற்றையும் மென்றது. பதினோராவது நாள் கிண்ணத்தில் முக்கோணம் மட்டும். மேனேஜர் முகர்ந்தது, மனைவியை நிமிர்ந்து பார்த்தது, திரும்பிப் போய் வாசலில் படுத்துக்கொண்டது.

அன்று மாலை ஆறு மணிக்கு செக்கர் வேலை முடிந்து வந்தபோது அது கேட்டருகே கிடந்தது. வயிறு ஒட்டியிருந்தது. வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் நுனியை மட்டும் அசைத்தது. செக்கர் வேலைப் பையைத் திறந்தார். பழைய மூட்டையைத் தூக்கிப் போடும் முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டப்பா நிறைய வளையங்களை எடுத்துத் தன் வேலைப் பையில் வைத்திருந்தார். நம்பாதவன் கையில் எப்போதும் ஒன்று மிச்சம் இருக்கும். ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு கைப்பிடி கொடுத்தார். மேனேஜர் உள்ளங்கையை நக்கித் துடைத்தது.

மறுநாளும் ஒரு கைப்பிடி. அதற்கு மறுநாளும். இது தப்பில்லையா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இல்லை. ஆனால் ரயிலில் செக்கருக்கு டிக்கெட் தேவையில்லை. கண்காணிக்க ஏறியவனை யாரும் பயணி என்று எண்ணுவதில்லை. அந்தக் கைப்பிடியும் அப்படித்தான் என்று அவர் மனசு சொன்னது, அவரும் சரி என்று விட்டுவிட்டார். அதோடு, இப்போதெல்லாம் மேனேஜர் மத்தியானத்திலிருந்தே கேட்டருகே தவம் கிடக்கிறது என்று மனைவி சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. கட்டிய மனைவிகூட இப்படிக் காத்திருந்ததில்லை.

பதினாலாவது நாள், சமையலறைத் தொட்டிக்கடியில் விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தவரின் கையில் ஒரு செங்கல் நிறத் துணுக்கு தட்டுப்பட்டது. வளையத்தின் பாதி. அவர் உள்ளே கொடுத்ததே கிடையாது, எல்லாம் ஸ்கூட்டர் பக்கம்தான். அப்படியானால் இது யாருடையது? மூக்கு அரிக்கத் தொடங்கியது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, தெரு முனைவரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்தார். சமையலறை ஜன்னலுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் பதுங்கினார். மேல் வீட்டில் குடியிருக்கும் பாட்டு வாத்தியார் துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எதாவது தொலைஞ்சு போச்சா?"

"உஷ்!" என்றார் செக்கர்.

வாத்தியார் பயந்து ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டார். செக்கர் ஜன்னல் விளிம்பில் கண்ணை வைத்தார். மனைவி சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்தாள். சாடியில் வளையங்கள். தரையில் உட்கார்ந்து மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊட்டினாள். "சாப்பிடுடா தங்கம். செக்கர்கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

அவளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்த செக்கர் முதல் ஸ்டேஷனிலேயே பாய மாட்டார். ஆளைத் தப்பவிடாமல், மறுக்க முடியாமல் பிடிப்பார். அன்று மாலை சாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அன்றிலிருந்து ஆறு நாள், கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியது என்று சின்ன நோட்டில் தேதியோடு எழுதினார். எழுதிவிட்டு, வழக்கம்போல ஸ்கூட்டர் பக்கம் போய் மேனேஜருக்குத் தன் கைப்பிடியைக் கொடுத்தார்.

இருபத்தியோராவது நாள் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த தாளைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

"உப்பு முன்னைவிட ஏறியிருக்கு. எடையும் குறைஞ்சிருக்கு. வேற எதாவது கொடுக்கறீங்களா?"

மனைவி குனிந்து மேனேஜரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். செக்கர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். இந்த நிமிஷத்துக்காகத்தான் ஆறு நாள் காத்திருந்தார். தேதி தேதியாகப் படித்தார். சாடி, சோப்புத்தூள் பெட்டி, பென்சில் கோடு, ஒன்றையும் விடவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆமா டாக்டர். காலைல ஒரு சின்ன கப்பு கொடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "அவன் புதுசைத் தொடவே மாட்டேங்கறான். வாசலையே பாத்துக்கிட்டு கெடக்கான். பட்டினியா பாக்க என்னால முடியல."

"வாசலை எதுக்குப் பாக்கறான்?"

"இவர் வருவாருன்னு. சாயங்காலம் வரைக்கும் அதே இடம்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு செக்கர் பக்கம் திரும்பினாள். "சார், வந்ததும் நீங்க எதாவது கொடுப்பீங்களா?"

"நானா? ஒண்ணும் இல்லையே."

சொன்ன குரல் அவர் காதிலேயே விழுந்தது. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தேழு வருடமாகக் கேட்கிற குரல். கேள்வி முடிவதற்குள் வருகிற பதில், தேவையில்லாத அந்த 'நானா'. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ரயிலை விட்டு இறக்கியிருப்பார்.

"ஒரு சின்ன கப்புக்கு இவ்வளவு ஏறாது" என்றாள் டாக்டரம்மா. "அப்படின்னா சாப்பாட்டை மாத்தறது இவன்கிட்ட பலிக்கலைன்னுதான் அர்த்தம். இனி காத்திருக்க முடியாது. இன்னைக்கே ட்ரிப்ஸ் ஆரம்பிச்சிடலாம்."

உதவியாளர் மேனேஜரைத் தூக்கி இரும்பு மேசையில் படுக்கவைத்தார். முன்னங்காலின் ரோமத்தை மழிக்கிற சின்ன மெஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. மேனேஜர் நடுங்கியது. எதிர்க்கவில்லை. மனைவி அதன் காதருகே குனிந்து, "மன்னிச்சுக்கடா, நான்தான் கெடுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு விரல் அகலத்துக்கு ரோமம் கீழே விழுந்தது.

"நிறுத்துங்க" என்றார் செக்கர்.

மெஷின் நின்றது.

"நானும் கொடுத்தேன். தினமும் சாயங்காலம். ஸ்கூட்டர் பக்கத்துல. ஒரு கைப்பிடி." அவர் தன் அகலமான கையைப் பார்த்தார். "என் கைப்பிடி."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. "அவன் புது சாப்பாட்டை வெறுக்கல சார். காத்திருந்தா பழசு கிடைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டான், அதான் பட்டினி கிடக்கறான். நீங்க சாயங்காலம் கொடுத்ததாலதான் அவன் பகல்ல சாப்பிடல. அவன் சாப்பிடாததாலதான் இவங்க காலைல கொடுத்தாங்க."

உச்சி குளிர்ந்ததெல்லாம் செக்கருக்கு அப்போது நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது: காத்திருந்தது தனக்காக இல்லை, வளையத்துக்காக. அதை நினைத்து அவருக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

"இன்னும் பத்து நாள் தர்றேன்" என்றாள் டாக்டரம்மா. "புதுசு மட்டும். ஒரு நாள் அடம் பிடிப்பான், பிடிக்கட்டும். ரெண்டாவது நாளும் சாப்பிடலன்னா எனக்கு போன் பண்ணுங்க. இது கடைசி வாய்ப்பு. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏமாத்தினாலும் அவன்தான் சாவான்."

திரும்பி வரும்போது ஆட்டோவின் பின்சீட்டில் மேனேஜர் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. திட்டு விழும் என்று செக்கர் காத்திருந்தார். பாதி வழி வரை விழவில்லை.

"ஆறு நாள் எழுதியிருக்கீங்க" என்றாள் மனைவி கடைசியில்.

"ம்."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே. என்ன பண்றேன்னு. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்களும் சொல்லியிருப்பீங்க."

செக்கர் மேனேஜரின் காதைத் தடவினார். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளை, டிக்கெட் இல்லாதவளைப்போல ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வேலைப் பையிலிருந்த டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதையும் தன் சாடியையும் ஒரு பையில் போட்டு, தெருக்கோடி வாட்ச்மேனின் நாய்களுக்குக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். வெறும் பையோடு திரும்பினாள். செக்கர் வாட்ச்மேனிடம் போய் விசாரிக்கவில்லை. விசாரிக்கத்தான் கால் பரபரத்தது.

அன்று மாலை மேனேஜர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் கிண்ணத்தை மூக்கால் தள்ளிவிட்டது. செக்கர் லீவு போட்டிருந்தார். அது அவர் காலடியில் வந்து, வேலைப் பையை முகர்ந்து, முகத்தைப் பார்த்து முனகியபோது அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தெருமுனைக் கடையில் அதே பழைய சாப்பாடு சின்னப் பொட்டலத்தில் தொங்குகிறது, நாலு நிமிஷ நடை.

"நான் ரூமுக்குள்ள போறேன்" என்றார் மனைவியிடம். "நீ வெளியில பூட்டிக்கோ."

"எதுக்கு?"

"என் மேல எனக்கே நம்பிக்கை இல்லை."

"பூட்ட மாட்டேன். போய் உக்காருங்க" என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. வெளியே முனகல். பிறகு நகம் தரையில் உரசுகிற சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. மத்தியானம் தாண்டியிருக்கும், சமையலறைப் பக்கம் கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல்.

செக்கர் எழுந்து நின்றுவிட்டார். மென்று தின்கிற சத்தம். எதைத் தின்கிறது? பையில் போட்டது மொத்தமும் வாட்ச்மேனுக்குப் போனதா? சாடி ஒன்றுதான் இருந்ததா, இல்லை இன்னொன்றும் எங்காவது இருக்கிறதா? கை கதவுப்பிடி வரை போனது. திறந்தால் நாலே எட்டில் தெரிந்துவிடும்.

"ஏங்க" என்று மனைவியின் குரல் வந்தது. அழுதுகொண்டே சிரிக்கிற குரல். "சாப்பிடறான்ங்க."

"எதை?"

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். "புதுசைத்தான்" என்றாள். "நம்பலன்னா வந்து பாருங்க."

செக்கர் கதவுப்பிடியை விட்டார்.

"வேண்டாம்" என்றார். "நீ சொல்லிட்டியே."

திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.