இடது கதவு

நகராட்சி அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அவள் கணவர் விடிந்ததுமே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். மூன்றாவது மாடி ஜன்னலில் மிச்சமிருந்தது இடது கதவு மட்டும்தான். வலது கதவு ஒன்பது நாளைக்கு முன்னால் பெயர்ந்து விழுந்து, கீழே நடைபாதையில் கடை போட்டிருந்த சாவிக்காரரின் கழுத்தை முறித்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதோடு சரி.

“இப்ப எதுக்குங்க பெயிண்ட்?”

“பாக்க வர்றவன் எதைப் பாப்பான்? மேலாகத்தானே பாப்பான்.”

அவருக்குத் தொழில் போர்டு எழுதுவது. துருப்பிடித்த தகரத்தையும் வெடித்த பலகையையும் இரண்டு கோட்டு பெயிண்டில் புதுசாக்கிக் காட்டிய கை. உலகத்தில் எந்தக் கோளாறும் இன்னொரு கோட்டில் அடங்கிவிடும் என்று நம்புகிறவர். அந்தத் தெருவிலேயே பளபளப்பான ஜன்னல் அவர்களுடையதுதான். பச்சை. வருஷம் தவறாது.

ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கீழேயிருந்து சாவிக்காரர் குரல் கொடுப்பார். “அக்கா, எனக்கு வருஷத்துக்கு ஒரு வயசு ஏறுது, உங்க ஜன்னலுக்கு ஒண்ணு இறங்குது. அண்ணன்கிட்ட சொல்லி எனக்கும் ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லுங்க.”

“உன் வாய்க்கே ஒரு டப்பா போயிடும்டா” என்பார் இவர் மேலேயிருந்து.

அந்தக் கதவுகளைத் தேர்ந்தெடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டறையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று, சாய்ந்த பட்டைகள் அடுக்கிய லேசான கதவு. மூடினாலும் காற்று வரும். மற்றது முழுப் பலகை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவளுக்கு முதலாவது பிடித்திருந்தது.

“பட்டை பட்டையா இருந்தா பிரஷ் எங்க ஓடும்? பலகைலதான் பெயிண்ட் உக்காரும்” என்று அவர் மற்றதைக் காட்டிவிட்டார்.

தச்சர் கதவைத் தலைகீழாகப் புரட்டினார். ஓரச் சட்டத்தின் அறுபட்ட அடிமுனையில் மரத்தின் துளைகள் ஊசிக் குத்தாகத் தெரிந்தன. “மரம் தண்ணி குடிக்கிறது இங்கதான் சார். முகத்துக்கு எத்தனை கோட்டு வேணா அடிங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கீலைக் கழட்டி, கதவைப் படுக்க வச்சு, இந்த முனைக்கும் அடிச்சிடணும்.”

இவர் தலையாட்டினார். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. கழற்றினால் பழையபடி உட்காராது என்பார். யார் கண்ணிலும் படாத இடத்துக்கு எவனாவது பெயிண்ட் அடிப்பானா என்றும் கேட்பார்.

போன மழைக்காலம் முடிந்து ஜன்னலைத் துடைத்தபோது, வலது கதவின் அடிக்கீலுக்குப் பக்கத்தில் அவள் கட்டைவிரல் உள்ளே போயிற்று. பெயிண்ட் தோலாக விலகியது. உள்ளே மரம், நனைந்த ரொட்டி போல.

“ஏங்க, இது உளுத்துப்போச்சு. கார்பெண்டரைக் கூப்பிடலாம்.”

“நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?”

மரத்தூளையும் வார்னிஷையும் மக்காகக் குழைத்து ஓட்டையை அடைத்தார். “நீ தேய்ச்சு விடு. உன் விரல்தான் நைசா இருக்கும்.” அவள்தான் தேய்த்துவிட்டாள். கீலின் ஸ்க்ரூக்கள் அந்த மக்கில்தான் நின்றன. மேலே இரண்டு கோட்டு. கீழேயிருந்து பார்த்தால் புது மாப்பிள்ளை.

விழுந்த அன்று காற்று அடித்தது உண்மை. கொடியில் துணி படபடக்கிற காற்று. அதைப் புயல் என்று இவர்தான் எல்லோரிடமும் சொன்னார். உடைந்த பலகைகளை அன்று சாயங்காலமே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் சாவுச் செய்தி வந்ததும் அவளிடம் சொன்னார்: “நீ வாயைத் திறக்காத. போன உசிரு திரும்பி வரப்போறதில்ல.”

அவள் திறக்கவில்லை. ஒன்பது நாளும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இன்று காலை கீழே அரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சாவிக்காரரின் மனைவி கடை போட்டிருந்தாள். அதே பெட்டி, அதில் இவர் எழுதிக் கொடுத்த ‘சாவி’ என்ற சிவப்பு எழுத்து. புருஷன் உட்கார்ந்த இடத்தில் உட்கார மனசு வரவில்லை போல, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நேர் மேலே இடது கதவு.

இவள் இறங்கிப் போனாள். “இங்க வேணாம்மா. அந்தப் பக்கம் போய் உக்காரேன்.”

“அந்தப் பக்கம் பழக்கடைக்காரர் விடமாட்டார்க்கா. எங்க வீட்டுக்காரரைத் தேடி வர்றவங்களுக்கும் இந்த இடம்தான் தெரியும்.” அரத்தை மடியில் வைத்தாள். “காத்துன்னு சொல்றாங்க. காத்து தினமுமா அப்படி அடிக்கப்போகுது?”

இவள் மேலே வருவதற்குள் ஒவ்வொரு மாடியிலும் நின்றாள்.

அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியபடி ஜன்னலருகே நின்று இடது கதவைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

“இது நல்லாத்தானே இருக்கு.”

“வருஷா வருஷம் அடிக்கிறேன் சார். தெருவுல யாரை வேணா கேளுங்க. அன்னைக்குக் காத்து அப்படி.”

“ம்” என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார். கீழே அரம் தேய்ந்தது, நின்றது, மறுபடி தேய்ந்தது. “நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?”

கணவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் கெஞ்சியதே இல்லை. இப்போது கண் கெஞ்சியது.

அவள் வெளியே குனிந்து, இடது கதவின் அடிக்கீலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஈரப் பெயிண்ட் வழுக்கியது. பிறகு அமுங்கியது. விரல் முழுசாக உள்ளே இறங்கியது. எடுத்தபோது ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து, பச்சையின் மேல் கோடாக ஓடியது.

“காயல சார்” என்றார் கணவர். “காயறதுக்குள்ள தொட்டுட்டா, அதான்.”

“விழுந்த கதவும் இப்படித்தான் சார் இருந்துச்சு. மக்கு வச்சு மூடினோம். தேய்ச்சு விட்டது நான்.”

அதிகாரி எழுதியதை ஒரு கோடிட்டு அடித்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“எந்திரிம்மா! முதல்ல அங்கேருந்து எந்திரி!”

அரத்தின் சத்தம் நின்றது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கீழேயிருந்த முகம் மேலே திரும்பியது.

“ஏன்க்கா?”